குருமூர்த்திக்கு மட்டும் மெதுவாக ஓடிய தகர மான்

தகர மான் எல்லாருக்கும் ஒரு வேகத்தில் ஓடியது; குருமூர்த்திக்கு மட்டும் மெதுவாக ஓடியது. ஏன் என்று சந்திரமௌலிக்குப் பிடிபடவில்லை. இயந்திரங்களின் அதிர்வைப் பற்றி ஆராய்ச்சி செய்வதற்கென்றே சென்னையிலிருந்து ஹனோவருக்கு வந்தவன் அவன். ஓடுகிற எந்தப் பொருளும் ஆள் பார்த்து ஓடாது என்பது அவனுடைய தொழில் நம்பிக்கை. இந்த மான் ஆள் பார்த்து ஓடியது. அதுவும் அந்த ஆளைப் பார்த்து.

மானின் அமைப்பில் மர்மம் ஒன்றுமில்லை. இரண்டு மண்மேடுகள், நடுவே ஓர் இடைவெளி, தரையில் குட்டித் தண்டவாளம். அதன்மேல் சக்கரம் வைத்த ஒரு பலகை, பலகையின்மேல் தகரத்தில் வெட்டிய ஆளுயர மான். ஊர்ப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஏதோ புத்தகத்தைப் பார்த்து அதற்கு முறுக்குக் கொம்பு வரைந்து, முகத்துக்கு மட்டும் தமக்குத் தெரிந்த பசுவின் முகத்தை வைத்திருந்தார். பலகையை ஓர் இரும்புக் கயிறு இழுக்கும். கயிற்றைக் கொட்டகைக்குள் இருக்கும் மோட்டார் சுற்றும். மான் ஒரு மேட்டிலிருந்து வெளிப்பட்டு மறுமேட்டுக்குள் மறைவதற்குள் சுட வேண்டும். ஓர் ஆளுக்கு ஐந்து ஓட்டம், ஐந்து குண்டு.

சந்திரமௌலிக்கு அது கண்ணில் பட்டதும் தெரியாமல் ஓடி மறைந்தது. குருமூர்த்திக்கோ, சாப்பாடு முடிந்து காற்று வாங்கப் போகிற பெரிய மனிதர் போல நடந்தது.

இத்தனைக்கும் மௌலியை அந்த மான் இருந்த வேட்டைச் சங்கத்துக்கு அழைத்து வந்ததே குருமூர்த்திதான். இருவரும் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஒரே விடுதி, ஒரே வகுப்பு. அங்கே குருவுக்கு எப்போதும் ஒரு மதிப்பெண் அதிகம். ஜெர்மனிக்கு உதவித்தொகை முதலில் அவனுக்குக் கிடைத்தது. பழைய ஃபோக்ஸ்வாகன் கார் முதலில் அவன் வாங்கினான். அந்தக் காரில் வைத்துத்தான் மௌலியைச் சங்கத்துக்குக் கூட்டிப்போனான், தன் புது வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவனைப் போல.

சங்கம் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தின் கடைசியில், வயல் நடுவில் இருந்தது. தலைவர் டாக்டர் பிராம்கே ஓய்வுபெற்ற பல் வைத்தியர். குருவின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியபோது அவன் கத்தாமல் இருந்ததைப் பார்த்து, இவனிடம் வேட்டைக்காரனின் குணம் இருக்கிறது என்று முடிவு செய்தவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சங்கம், இன்று நமீபியா எனப்படும் தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மான் வேட்டைக்குப் போகும். மீதிக் காலமெல்லாம் போவதற்குத் திட்டமிடும். தொப்பியில் இறகு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும், சுட்ட மானுக்கு முன்னால் யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் தனித்தனிக் குழு உண்டு. 1967-ஆம் வருடப் பயணத்துக்கும் வழக்கம்போல ‘விருந்தினர் இருக்கை’ ஒன்று அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டு நண்பர் ஒருவர் சங்கத்தின் செலவில் போய்வரலாம். தகர மானை அதிகமாக அடிக்கும் வெளிநாட்டவருக்கு அந்த இருக்கை.

சங்கத்தில் வெளிநாட்டவர் இரண்டே பேர்.

“நீங்க மான் கொம்பை வெச்சுண்டு என்ன பண்ணப் போறேள்? துணி காயப்போடவா?” என்று கேட்டாள் மௌலியின் மனைவி வத்சலா. “ஆத்துல கரப்பான் வந்தா நாற்காலி மேல ஏறி நிக்கறவர். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடறதில்லை.”

“தகரம்தானே சுடறேன். தகரம் என்ன அசைவமா?”

“ஆப்பிரிக்காவுல தகர மானா இருக்கும்?”

“அங்க போனதும் பாத்துக்கலாம். இப்ப குரு போகப்படாது, அவ்ளோதான்.”

“அவர் போனா உங்களுக்கு என்ன நஷ்டம்?”

“அவன் அங்கேர்ந்து போஸ்ட்கார்டு போடுவான் வத்சலா. ஒட்டகச்சிவிங்கி ஸ்டாம்பு ஒட்டி. லேப்ல எல்லாரும் சுத்தி நின்னு படிப்பா. நானும் நின்னு படிக்கணும்.”

வத்சலா சமையலறைக்குப் போனாள். நியாயம் இல்லாவிட்டாலும் விஷயம் தெளிவாக இருந்தது.

சங்கத்தில் பேசுவதற்கும் விதி உண்டு. வேட்டைக்காரன் மானின் இரத்தத்தை இரத்தம் என்று சொல்லக்கூடாது, வியர்வை என்று சொல்ல வேண்டும். கண்ணைக் கண் என்று சொல்லக்கூடாது, விளக்கு என்று சொல்ல வேண்டும். முதல் நாளே மௌலி, “மானின் கண்ணில் பெயிண்ட் உரிந்திருக்கிறது” என்று உதவி செய்கிற எண்ணத்தில் சொல்லிவிட்டான். ஊதுகொம்பு முழங்கியது. அவனை ஒரு பெஞ்சின்மேல் குனியவைத்து, வேட்டைக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் பின்புறத்தில் மூன்று தட்டு தட்டினார்கள். தகரத்துக்கும் இந்த விதி பொருந்துமா என்று ஓர் உறுப்பினர் சந்தேகம் எழுப்பினார். அது குழுவுக்கு அனுப்பப்பட்டது. தட்டு முதலில், குழு பிறகு. குருமூர்த்தி பக்கத்தில் நின்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்கும்போது அவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்பது கிண்டியிலிருந்தே மௌலிக்குத் தெரியும்.

ஒவ்வொரு குண்டு பட்டதும் மானை நிறுத்துவார்கள். எல்லாரும் தொப்பியைக் கழற்றுவார்கள். மானின் தகர வாயில் ஓட்டை போட்டிருந்தது. அதில் ஒரு தேவதாரு இலைக்கொத்தைச் செருகுவார்கள், கடைசிக் கவளமாக. கொம்பு ஊதுவார்கள். பிறகு கொத்தைப் பிடுங்கிவிட்டு மானை மறுபடி ஓடவிடுவார்கள். இதனால் ஒரு சுற்று முடிய மத்தியானம் முழுக்க ஆகும். வரிசை பதவிப்படி: பதவி இல்லாதவர்கள் முதலில், நிர்வாகிகள் கடைசியில். ஆப்பிரிக்காவில் துப்பாக்கி அனுமதிக்காக அங்குள்ள அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தந்ததால், குருமூர்த்தி கௌரவக் கடிதச் செயலாளர் ஆகியிருந்தான். ஆகவே அவன் நிர்வாகிகளோடு கடைசியில் சுட்டான். மௌலி ஆரம்பத்தில்.

ஐந்துக்கு நான்கு, ஐந்துக்கு ஐந்து என்று குரு அடித்தான். மௌலிக்கு ஒன்று; பல நாள் அதுவும் இல்லை.

“எப்படிடா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

“மூச்சைப் பிடிச்சுண்டு, நிதானமா ஒரு ஸ்குவீஸ். டெம்பரமெண்ட்தான்டா மௌலி. உனக்கு நர்வ்ஸ் ஜாஸ்தி.”

“மான் உனக்கு ஸ்லோவா ஓடறது.”

“ஓ. எனக்கு எக்ஸாம்லகூட கொஸ்டின் பேப்பர் ஈஸியா வந்துதுன்னு சொன்னவன்தானே நீ?”

மௌலி தலைவரிடம் எழுத்தில் முறையிட்டான். பிராம்கே எழுந்து நின்று, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்.

“ஹெர் சந்திரமௌலி சரியாகவே கவனித்திருக்கிறார். மான் மெதுவாகத்தான் ஓடுகிறது. எனக்கும் மெதுவாகத்தான் ஓடுகிறது, பொருளாளருக்கும் அப்படியே. நான் சாதாரண உறுப்பினனாக இருந்தபோது எனக்கும் அது வேகமாகவே ஓடியது. தலைவர் ஆனதும் மெதுவானது. இதிலிருந்து என்ன தெரிகிறது? தகுதி உள்ளவனுக்கு மான் தன்னையே தருகிறது. இதைக் காட்டில் மட்டுமே காணலாம் என்று நினைத்திருந்தோம். நமது சங்கத்தில் தகரத்தில் காண்கிறோம்.”

கைதட்டினார்கள். மௌலிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வாரமும் அவன் குருவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். மற்ற நிர்வாகிகளுக்கும் மான் மெதுவாக ஓடியதை அவன் பார்க்கவே இல்லை.

துப்பு கிடைத்தது, சாப்பாட்டில். சங்கத்தில் சமைக்கும் ஃபிராவ் ஹில்மர் ஒரு சனிக்கிழமை தங்கையின் ஊருக்குப் போய்விட்டாள். அன்று எல்லாருக்கும் ரொட்டியும் ஆறிப்போன தொத்திறைச்சியும்தான். மௌலிக்கு ரொட்டி மட்டும். அன்று குருமூர்த்தி ஐந்தையும் தவறவிட்டான். பொருளாளர் தவறவிட்டார். பிராம்கேயின் குண்டு மண்மேட்டில் புதைந்தது. அடுப்பு எரியாத நாளில் தகுதியும் எரியவில்லை. மௌலி டிராமில் வீடு திரும்பும்போது வழி நெடுக விசிலடித்தான். எதிரில் இருந்த கிழவி இடம் மாறி உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் அவன் மானைப் பார்க்கவில்லை. கொட்டகையின் விளக்கைப் பார்த்தான். முதலில் சுட்டவர்களுக்கு விளக்கு பளிச்சென்று எரிந்தது. நிர்வாகிகளின் முறை வந்தபோது, அதாவது ஃபிராவ் ஹில்மர் உருளைக்கிழங்கு வேகவைக்கிற நேரத்தில், விளக்கு மஞ்சளாகி மங்கியது.

விஷயம் மிக எளிது. சங்கத்துக்கு வரும் மின்சாரம் கிராமத்திலிருந்து வயலைத் தாண்டி ஒரு மெல்லிய கம்பியில் வருகிறது. மாம்பலத்தில் கீழ்வீட்டுக்காரர் குழாயைத் திறந்தால் மாடியில் தண்ணீர் சன்னமாகுமே, அதே கதை. மின்சார அடுப்பின் நான்கு தட்டும் பழுக்கும்போது கம்பியில் வருகிற மின்னழுத்தம் விழுகிறது. கொட்டகையில் இருந்தது கார்பன் பிரஷ் வைத்த பழைய மோட்டார். அந்த ஜாதி மோட்டாரின் வேகம் அழுத்தத்தோடு கூடவே இறங்கும். உருளைக்கிழங்கு கொதித்தால் மான் தளர்ந்து நடக்கும்.

இதை மௌலி நிர்வாகக் குழுவில் விளக்கினான். பொறுமையாக, குழாய் உதாரணத்தோடு, படம் போட்டு. கரும்பலகையில் குருமூர்த்தியின் பெயரை எழுதி அடித்தும் காட்டினான். அது விளக்கத்துக்குத் தேவைப்படவில்லை.

பிராம்கே நீண்ட நேரம் தாடியைத் தடவினார். “நீங்கள் சொல்வது அறிவியல். அதை மறுக்க நான் யார்? ஆனால் யோசியுங்கள். மோட்டாரைத் திருத்தினால், பதினோரு வருடமாக இந்தச் சுவரில் மாட்டியிருக்கும் என் பதக்கங்கள் எல்லாம் உருளைக்கிழங்கின் பதக்கங்கள் ஆகிவிடும். அடுப்பை முன்கூட்டி மூட்டினால் சாதாரண உறுப்பினர்கள் நன்றாகச் சுடுவார்கள். பிறகு அவர்களைச் சாதாரண உறுப்பினர்கள் என்று எப்படி அடையாளம் காண்பது? சங்கம் உண்மைக்கு எதிரானதல்ல. உண்மை வரிசையில் வர வேண்டும், அவ்வளவுதான்.”

ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. குருமூர்த்தியும் கை தூக்கினான்.

வெளியே வந்ததும் மௌலி வேறு வழியில் இறங்கினான். விருந்தினர் இருக்கைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில் சங்கத்துக்கு இந்தியச் சாப்பாடு போடுவதாகவும், வத்சலா சமைப்பாள் என்றும் அறிவித்தான். சங்கம் மகிழ்ந்தது. வத்சலாவுக்கு வீட்டில் வைத்துத் திட்டத்தை விளக்கினான்.

“என் முறை ஆரம்பத்துல வரும். அப்ப நாலு தட்டையும் ஃபுல்லா வை. அவன் முறை வந்ததும் எல்லாத்தையும் அணைச்சுடு. மான் பறக்கணும்.”

“சமைக்கச் சொல்றேளா, ஸ்விட்ச் போடச் சொல்றேளா?”

“ரெண்டும்.”

“அம்பது பேருக்கு சாம்பார். ரெண்டும் எப்படி நடக்கும்?”

தேர்வு நாளன்று மௌலி சுட வந்தபோது வத்சலா நான்கு தட்டையும் வைத்தாள். அப்பளம் பொரிக்க வீட்டிலிருந்து கொண்டுவந்த மின்சாரச் சட்டியையும் செருகினாள். மான் மேட்டிலிருந்து மூக்கை நீட்டி, யோசித்து, வெளியே வந்தது. மௌலி ஐந்துக்கு ஐந்து அடித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொம்பு அவனுக்காக ஐந்து முறை ஊதியது. சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கையை இறக்கிக் காட்டினான்: அணை.

ஜன்னலில் வத்சலா கரண்டியோடு தோன்றினாள். “பருப்பு இன்னும் வேகலை.”

“அணைச்சுடு.”

“அரைவேக்காட்டுல அணைக்கறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? அம்பது பேர் வயிறு.”

அடுப்பு அணையவில்லை. அந்த ஊரின் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவும் இல்லை. வத்சலா இன்னொரு பாத்திரத்தை ஏற்றினாள். அழுத்தம் மேலும் விழுந்தது. ஒவ்வோர் ஆளாக வந்து ஐந்துக்கு ஐந்து அடித்தார்கள். ஒற்றைக்கண் பார்வை மங்கிய அஞ்சல்காரரும் அடித்தார். பிராம்கேயின் முறையில் மான் நட்டநடுவில் அடியோடு நின்று, பசு முகத்தோடு அவரையே பார்த்தது. அவர் துப்பாக்கியைத் தாழ்த்தித் தொப்பியைக் கழற்றினார். “இப்படி ஒரு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை” என்றார்.

குருவும் ஐந்து. மௌலியும் ஐந்து. சமமானால் பதவி உள்ளவருக்கே இருக்கை என்று விதி சொன்னது. கௌரவக் கடிதச் செயலாளர் குருமூர்த்தி விருந்தினராக அறிவிக்கப்பட்டான். சாம்பார் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

மௌலி நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் குருவே ஆய்வகத்தில் அவன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான்.

“உன் பாஸ்போர்ட்டை எப்பவாவது படிச்சிருக்கியா?”

“பாஸ்போர்ட்டை யார்டா படிப்பா?”

“படி. தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாதுன்னு அச்சடிச்சிருக்கு. நம்ம கவர்ன்மெண்ட் போட்டது. தென்மேற்கும் அவா கையிலதான் இருக்கு. அந்த ஸ்டாம்பு இல்லேன்னாலும், சங்கம் போய்த் தங்கற வெள்ளைக்காரன் பண்ணைல நம்ம ரெண்டு பேருக்கும் கொல்லைப்பக்கம்தான் சாப்பாடு.”

மௌலி நிமிர்ந்தான். “எப்பத் தெரியும் உனக்கு?”

“அந்த ஊர் ஆபீசுக்கு லெட்டர் எழுதினவனே நான்தானே. முதல்லேர்ந்து தெரியும்.”

“அப்புறம் ஏண்டா மாஞ்சு மாஞ்சு சுட்டே?”

குருமூர்த்தி பென்சில் ஒன்றை எடுத்து உருட்டினான். “நீ சுட்டியே.”

மௌலி அந்தப் பென்சிலை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டான். தன்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தாலும் பதில் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அன்று மாலை இருவரும் ஃபோக்ஸ்வாகனில் போய்த் தலைவரிடம் சொன்னார்கள். பிராம்கே அதிர்ச்சி அடையவில்லை.

“தெரியும். தெரிந்துதான் உங்கள் இருவரையும் சேர்த்தோம். போன முறை விருந்தினர் ஒரு நார்வேப் பாதிரியார். விமானத்தைக் கண்டாலே மயங்குவார். அதற்கு முந்திய முறை ஒரு துருக்கி மாணவர். அவர் ஏற்கெனவே ஊருக்குத் திரும்பியிருந்தார். விருந்தினர் இருக்கை ஒரு மரியாதை. அதில் ஆள் உட்கார்ந்தால் மரியாதைக்கு இடம் எங்கே? தவிர, திரும்பி வரும்போது கொம்புகளை அதில்தான் வைக்கிறோம்.”

நிர்வாகிகள் போனார்கள். திரும்பினார்கள். விருந்தினர் இருக்கையில், விமான நிலையக் கடையில் வாங்கிய மர மான் பொம்மை ஒன்று வந்தது. அதைச் சங்கத்து மேஜையில் கிடத்தி, தொப்பி கழற்றி, வாயில் இலைக்கொத்து வைத்துக் கொம்பு ஊதினார்கள். பிறகு பிராம்கே பயண அறிக்கை வாசித்தார்.

“ஆப்பிரிக்க மானிடம் ஒழுங்கு இல்லை. யார் தலைவர் என்று அது கேட்பதில்லை. நாங்கள் மனம் தளரவில்லை. ஹெர் சந்திரமௌலியின் கொள்கையைக்கூட நேர்மையாகச் சோதித்தோம். காட்டில் அடுப்பு மூட்டினோம். உருளைக்கிழங்கு வேகவைத்தோம். ஒரு மானும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஆகவே கொள்கை தவறு என்று நிரூபணமாகிவிட்டது.”

மௌலி எழுந்தான். குழாய் உதாரணத்தை மறுபடி ஆரம்பிக்க வாயைத் திறந்தான். பக்கத்தில் குரு மெல்ல, “வேண்டாம்டா, அவாளுக்கு அந்தக் குழாய் புரியாது” என்றான். மௌலி வாயை மூடினான். தன்னை இத்தனை மாதம் ஓட வைத்தது எது என்று யோசித்தான்: அடுத்தவனுக்குக் கிடைத்துவிடுமோ என்கிற பயம். அந்த இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்பது அவனுக்கு மோட்டாரைவிட நன்றாகத் தெரியும்.

“தலைவர் அவர்களே, மோட்டாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற வேட்டைச் சங்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல நினைத்தேன். போன மாதம் அவர்கள் சமையலறைக்குப் புது கேஸ் அடுப்பு வாங்கியிருக்கிறார்கள். ஆறு பர்னர். நானே பார்த்தேன்.”

கூடத்தில் எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். பொருளாளரின் முகம் வெளுத்தது. “ஆறா?” என்று கேட்டார் பிராம்கே.

“ஆறு.”

குழு கூட்டவில்லை. விண்ணப்பம் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமைக்குள் எட்டு பர்னர் வைத்த கேஸ் அடுப்பு வந்து இறங்கியது. அன்று குருமூர்த்தி ஐந்தையும் தவறவிட்டான். மௌலியும் ஐந்தையும் தவறவிட்டான். தலைவரும் பொருளாளரும் அப்படியே. கடைசிவரை கொம்பு ஊத வேலை இருக்கவில்லை. நண்பர்கள் இருவரும் ஒரே காரில் வீடு திரும்பி, வத்சலா வைத்த ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

சமையலுக்குக் கேஸ், மோட்டாருக்கு மட்டும் மின்சாரம்: அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. அதன்பின் தகர மான் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் ஓடியது.